அந்த அக்காவின் கூலியும் பில்லில் வர வேண்டும்

கடந்த மாதம் அம்மாவுக்குப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஊர் கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம், மருத்துவமனை கோயம்புத்தூரில். தேதி குறித்த பிறகு காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. பாலிசியில் அம்மாவின் பெயர் ‘அம்மாள்’ என்று முடிகிறது. எங்கள் பக்கத்து அரசு மருத்துவமனையின் பழைய சீட்டில் ‘அம்மா’ என்று முடிகிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று கிராம அலுவலரிடம் சான்றிதழ் வாங்கி வாருங்கள் என்றார்கள். ஒரே ஒரு ‘ள்’. அதற்காக அறுவைச் சிகிச்சை நான்கு நாள் தள்ளிப்போனது.

நான் தமிழ் வழியில் படித்தவன். மலையாளம் பேசுவேன், எழுத வராது. பக்கத்து வீட்டு அக்கா நூறு நாள் வேலையை விட்டுவிட்டு என்னோடு அரசுச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்கும் அக்ஷயா மையத்துக்கு வந்தார். விண்ணப்பத்தை அவரே மலையாளத்தில் எழுதினார். மறுநாள் கிராம அலுவலக வாசலில் மூன்று மணி நேரம் நின்றார். கோயம்புத்தூரில் காப்பீட்டுப் பிரிவின் மேசை முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டபோது, “நீ அம்மாகிட்டப் போ தம்பி, நான் கேட்டு வருகிறேன்” என்றார். அறுவைச் சிகிச்சைக்கு முன் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் இரண்டு முறை கேட்டு, அம்மாவுக்குப் புரியும்படி சொன்னவரும் அவர்தான்.

டிஸ்சார்ஜ் அன்று பில்லை வரிவரியாகப் பார்த்தேன். அறை, மயக்க மருந்து, தையல் நூல் எல்லாம் இருந்தன. பொதுவாகக் காப்பீட்டில் பணம் கிடைக்காத 68 இனங்களின் பட்டியல் ஒன்று உண்டு. கையுறை, நகல் எடுக்கும் செலவு, கூரியர் ஆகியவற்றோடு உதவியாளர் கட்டணமும் அதில் இருக்கிறது. அக்கா இழந்த ஐந்து நாள் கூலிக்கு எந்த வரியிலும் இடமில்லை. அவர் இல்லாமல் அந்தச் சிகிச்சையே நடந்திருக்காது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். சிகிச்சைக்கு இன்றியமையாத வேலை என்றால் காப்பீடு அதற்குப் பணம் தர வேண்டும். இதைத்தான் நான் கேட்கிறேன்.

நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், 2024 ஜனவரி முதல் இந்த வேலைக்குப் பில்லில் தனிக் குறியீடு வைத்துப் பணம் தருகிறது. புற்றுநோய் போன்ற கடும் நோய் உள்ளவருக்கு வழிகாட்டியாக இருப்பவரின் நேரத்தை, மாதத்துக்கு முதல் 60 நிமிடம், அதன்பின் கூடுதல் அரை மணி நேரங்கள் என்று கணக்கிடுகிறார்கள். மருத்துவரின் மேற்பார்வை வேண்டும், நோயாளியின் சம்மதம் வேண்டும், செய்த வேலையை எழுதி வைக்க வேண்டும். அங்கும் குறை இருக்கிறது. 20 சதவீதம் வரை நோயாளியின் தலையில் விழுகிறது. குடும்பமே தனியாக அமர்த்தும் வழிகாட்டிக்குப் பெரும்பாலும் கைக்காசுதான். ஆனாலும் இது மருத்துவத்தில் சேர்ந்த வேலை என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டுவிட்டது.

நம் நாட்டில் 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் நோயாளிக்கு உதவ ஆரோக்கிய மித்ரா என்று ஒருவர் மருத்துவமனையில் இருக்கிறார். நல்ல ஏற்பாடு. ஆனால் அவர் மருத்துவமனை மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். எனக்கு வேண்டியவர் இந்தப் பக்கம் நிற்பவர், வீட்டிலிருந்து கிளம்பி வருபவர். மருத்துவமனையிடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ அவர் சம்பளம் வாங்கக் கூடாது. வாங்கினால் அவர்களுக்காகத்தான் பேசுவார். கேரளத்தில் ஊராட்சிகள் வீடு தேடிப் போய் வலிநிவாரணப் பராமரிப்பு கொடுக்கின்றன. 2008-லேயே அதற்கு மாநிலக் கொள்கை வந்துவிட்டது. அதே ஊராட்சி வழியாக, குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுக்களின் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, காப்பீட்டுப் பணத்தை அவர்கள் கைக்குச் சேர்க்கலாம். எல்லையில் இருக்கும் எங்களுக்கு இரண்டு மொழியும் தெரிந்தவர் கட்டாயம் வேண்டும்.

பொய்க் கணக்கு எழுதுவார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். எழுதலாம். மருந்துக் கணக்கிலும் பொய் வருகிறது, அதற்காக மருந்துக்குப் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டோமா? அன்பாகச் செய்வதற்குக் கூலி பேசலாமா என்று இன்னொருவர் கேட்டார். அக்காவின் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். இரக்கமுள்ள ஏழைப் பெண்ணின் நேரத்தை நாம் இலவசமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு அன்பு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வரும் வியாழக்கிழமை அம்மாவுக்கு மறுபரிசோதனை. அக்காவும் வருகிறார். ஐந்து நாள் கூலியை உறையில் போட்டுக் கொடுத்தேன். பிரிக்காமலே அம்மாவின் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.