ஹாஹா போட்டவர்களுக்கு

வட கொரியா ஒரு கட்டடத்தை இடிக்கிறது என்று ஃபேஸ்புக்கில் வந்த பதிவையும் அதற்கு விழுந்த ஹாஹாக்களையும் பார்த்தேன். தன் பக்கத்துக் கும்காங் மலையில் இருந்த குடும்பச் சந்திப்பு மையத்தை வட கொரியா இடிக்கத் தொடங்கியதில் சிரிக்க என்ன இருக்கிறது? ‘சமாதானப் புறாவுக்குப் பால் ஊத்தியாச்சு’ என்று ஒரு கமெண்ட் வேறு. என்ன அறிவு!

அது தலைவர்கள் கைகுலுக்கப் போட்ட மேடை இல்லை சாமி. கொரியப் போரில் வடக்கிலும் தெற்கிலுமாகப் பிரிந்த தாயும் மகனும், அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொள்ளத் தென் கொரியாவின் காசில் 2008-ல் கட்டி முடித்த இடம். 1953-ல் போர் நின்றது, இன்றுவரை சமாதான ஒப்பந்தம் இல்லை. 1985-ல் ஒரு சந்திப்பு, அப்புறம் 2000 வரை எதுவுமில்லை. 2000-லிருந்து அவ்வப்போது நடந்தது, 2018 ஆகஸ்டோடு அதுவும் போச்சு. சந்திப்புக்குத் தெற்கில் மட்டும் பெயர் கொடுத்தவர்கள் 1,30,000-க்கும் மேல். குலுக்கலில் பெயர் வந்தவர்கள் மூன்று நாளில் சுமார் 12 மணி நேரம் பார்த்தார்கள். பிறகு கடிதம்கூடக் கிடையாது. பெயர் வராமலே பெரும்பாலோர் செத்தும் போனார்கள். முதலில் பார்க்க விடுங்கள், அரசியலை அப்புறம் பேசிக்கொள்ளுங்கள் என்கிறேன்.

ஒரகடத்தில் நான் வேலை பார்த்தபோது ஒரு கொரிய மேனேஜர் இருந்தார். லைன் ஐந்து நிமிடம் நின்றால் கத்துகிற ஆள். ஒரு சூசோக்குக்கு, அதாவது கொரியர்கள் முன்னோரைக் கும்பிடும் அறுவடைப் பண்டிகைக்கு, அவரால் ஊருக்குப் போக முடியவில்லை. அன்று கேன்டீனில் அவராகவே பேசினார். அவருடைய அப்பா ஒவ்வொரு சூசோக்குக்கும் எல்லைக்குப் பக்கத்தில் தெற்கில் இருக்கும் இம்ஜின்காக் போய், வடக்கு பார்த்த பீடத்தின் முன் விழுந்து கும்பிடுவாராம். அப்பாவின் அக்கா அந்தப் பக்கம். குலுக்கலில் கடைசிவரை பெயர் வரவில்லை. ‘அத்தை இருக்கிறாளா செத்தாளா என்றாவது சொல்லலாமே’ என்றார். இதற்கும் ஹாஹா போடுங்களேன்.

‘சர்வாதிகாரிக்கு வக்காலத்தா?’ என்பீர்கள். இல்லை. 2018 செப்டம்பரில் கும்காங்கில் நிரந்தரச் சந்திப்புக்குக் கையெழுத்துப் போட்டதும், 2023 கடைசியில் தெற்கை எதிரி நாடு என்றதும், 2024-ல் தெற்கோடு இணைக்கும் சாலைகளுக்கு வெடி வைத்ததும் அதே வட கொரியத் தலைவர் கிம் ஜாங் உன்தான். ஆனால் தெற்கு மட்டும் ரொம்ப யோக்கியமா? ஒரு ஆட்சி வடக்குக்கு அரிசியும் உரமும் அனுப்பியது, இன்னொரு ஆட்சி எல்லையில் வடக்குக்கு எதிரான பிரசார ஒலிபெருக்கியை மறுபடி வைத்தது. கிழவன் கிழவிகளை வைத்து இரண்டு பக்கமும் சீட்டாடினார்கள்.

‘2000-ல் இரு கொரியத் தலைவர்கள் சந்தித்த மாநாடே தெற்கு காசு கொடுத்து வாங்கியதுதானே?’ ஆமாம், கோடிக்கணக்கான டாலர் வடக்குக்கு ரகசியமாகப் போனது, வழக்கும் நடந்தது. போகட்டும்! அதனால் சில ஆயிரம் பேராவது பார்த்துக்கொண்டார்கள் இல்லையா?

‘உனக்கேன் கொரியா?’ ராத்திரி முழுக்கக் கொரிய சீரியல் பார்த்து மூக்கைச் சிந்துகிறவர்கள் கேட்கிற கேள்வியா இது? ஹாஹா போட்டதில் இரண்டு பேர் என் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர்கள். நட்பிலிருந்து எடுத்துவிட்டேன். ‘ஒரு ஜோக்குக்குப் போயா?’ என்று இன்பாக்ஸில் வர வேண்டாம்.