உரம் காணாத வயலுக்கான மக்காச்சோள விதை, உரம் காணாத வயலில்தான் தேர்வாக வேண்டும்

சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் மக்காச்சோள விளைச்சல் எக்டேருக்கு இரண்டு டன் அளவிலேயே நிற்கிறது. இந்தப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் "உரம் போட்டால் சரியாகிவிடும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. 2006இல் நைஜீரியாவின் அபுஜாவில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடி, அப்போது எக்டேருக்கு 8 கிலோ அளவில் இருந்த உரப் பயன்பாட்டை 2015க்குள் 50 கிலோவாக உயர்த்துவோம் என்று அறிவித்தார்கள். கெடு வந்தது, போனது, இலக்கு எட்டப்படவில்லை. விவசாயிக்கு உரத்தின் அருமை தெரியாமல் இல்லை. துறைமுகத்தில் இறங்கும் மூட்டை உள்நாட்டுக் கிராமத்துக்குப் போய்ச் சேருவதற்குள் லாரிக் கூலியே விலையை எங்கேயோ கொண்டுபோய்விடுகிறது. விதைப்புக் காலத்தில்தான் கையில் காசும் இருக்காது, போன பருவத்துத் தானியமும் தீர்ந்திருக்கும். மழை பொய்த்தால் கடன் வாங்கிப் போட்ட உரமும் சேர்ந்து போகும். அதனால் அவர் உரமில்லாமலே விதைக்கிறார். அந்த வயலுக்கு ஏற்ற விதையை அவருக்குத் தருகிறோமா என்பதுதான் என் கேள்வி.

பெரும்பாலும் தருவதில்லை. காலங்காலமாக ரகங்கள் தேர்வானது ஆராய்ச்சி நிலையத்தின் கொழுத்த மண்ணில்தான். தழைச்சத்து (நைட்ரஜன்) தாராளமாக இடப்பட்டு, களை இல்லாமல், வேளாவேளைக்குக் கவனிக்கப்பட்ட பாத்தியில் முதலிடம் பிடித்த ரகம், பசித்த மண்ணிலும் முதலிடம் பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை. அது எல்லா இடத்திலும் செல்லாது என்பதை சிம்மிட் என்ற சர்வதேச மக்காச்சோளம், கோதுமை ஆராய்ச்சி நிறுவனத்தின் மரியான் பென்சிகரும் சக ஆய்வாளர்களும் 1997இலேயே காட்டினார்கள். தழைச்சத்துக் குறைவால் விளைச்சல் 40 சதவீதத்துக்கு மேல் விழும் நிலங்களுக்கான ரகம் என்றால், தேர்வில் சத்துக் குறைந்த பாத்தியும் இருந்தே ஆக வேண்டும், கொழுத்த மண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பதுதான் அவர்கள் சொன்னது.

ஏன் அப்படி? தழைச்சத்து இல்லாத வயலில் பயிரைக் கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும். அடி இலை நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக மஞ்சள் ஏறி வரும். உச்சியில் ஆண் பூ தன் நேரத்துக்கு விரிந்து மகரந்தத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும். கீழே கதிரின் பட்டு நூலோ வெளியே வராமல் பல நாள் தாமதிக்கும். அது எட்டிப் பார்க்கும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும், கதிர் பொக்கையாகப் போகும். இந்தத் தாமதம் எந்த ரகத்தில் குறைவு, எது அடி இலையைக் கடைசிவரை பச்சையாகப் பிடித்து வைக்கிறது என்பதெல்லாம் கொழுத்த பாத்தியில் கண்ணுக்கே படாத குணங்கள். சாப்பாடு நிறைய இருக்கும் இடத்தில் யார் பசி தாங்குவார் என்று எப்படித் தெரியும்?

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மண் மெலிந்த இடத்தைத் தேடித்தான் ஸ்ட்ரைகா வருகிறது. தமிழில் சுடுமல்லி என்போமே, அந்த ஒட்டுண்ணிக் களைக் குடும்பம்தான். ஆப்பிரிக்க மக்காச்சோளத்தில் அதிகம் அழிவு செய்வது ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ பூக்கும் ஸ்ட்ரைகா ஹெர்மான்திகா. பார்க்க அழகான செடி. ஒரு செடியே பல்லாயிரம் விதைகளைக் கொட்டும். ஒவ்வொரு விதையும் தூசி அளவு, கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். பத்து வருடத்துக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். பக்கத்தில் பயிர் வேர் இருக்கிறது என்ற தகவல் வரும்வரை முளைக்காது. அந்தத் தகவலைத் தருவது வேரிலிருந்து கசியும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற வேதிப்பொருள். முளைத்த சில நாட்களுக்குள் வேரைப் பிடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கையிருப்பு தீர்ந்து செத்துவிடும். பிடித்துவிட்டால் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்ச ஆரம்பித்துவிடும். பெரும்பகுதி சேதம் அது மண்ணுக்கு மேலே தலை காட்டுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. விவசாயி அதைப் பிடுங்க ஆரம்பிக்கும்போது பயிர் ஏற்கெனவே வெளிறி, வளர்ச்சி நின்று நிற்கும்.

பயிர் எதற்காக இந்தப் பொருளைக் கசிய விடுகிறது என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. இந்த வகையில் முதல் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது 1966இல், அதுவும் பருத்தி வேரிலிருந்து. 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விடையைக் கொண்டுவந்தார்கள். மணிச்சத்தை (பாஸ்பரஸ்) தேடிக் கொண்டுவந்து தரும் வேர்ப் பூஞ்சையைச் செடி கூப்பிடும் வழி இது. மணிச்சத்தும் தழைச்சத்தும் குறையக் குறையச் செடி இன்னும் அதிகமாகக் கசிய விடும். அந்தக் கூப்பாட்டை ஸ்ட்ரைகாவும் ஒட்டுக் கேட்டுக்கொண்டு வருகிறது. ஆக, மண் மெலிவும் இந்தக் களையும் தனித்தனிப் பிரச்சினைகள் இல்லை. அப்படியிருக்க, பசி தாங்கும் ரகம் ஒரு திட்டத்தில், களை எதிர்ப்பு ரகம் இன்னொரு திட்டத்தில் என்று ஆண்டாண்டு காலமாகப் பிரித்து ஓட்டியதில் எனக்கு உடன்பாடே இல்லை. விவசாயியின் வயலில் இரண்டும் ஒரே வேரில்தான் நடக்கின்றன.

மக்காச்சோளத்தின் நிலைமை கூடுதல் பரிதாபம். சோளமும் கம்பும் ஸ்ட்ரைகாவோடு ஆயிரக்கணக்கான வருடம் ஒரே மண்ணில் வாழ்ந்தவை, ஓரளவு எதிர்த்து நிற்கப் பழகியவை. மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்த பயிர், இந்த எதிரியை அதற்கு முன் பார்த்ததே இல்லை. நைஜீரியாவின் இபாடானில் இருக்கும் ஐஐடிஏ என்ற சர்வதேச வெப்பமண்டல வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1982இல் இதற்கான வேலையைத் தொடங்கியது. நம்பகமாகச் சோதிக்கவே ஒரு முறையை உருவாக்க வேண்டியிருந்தது. இயற்கையாக வயலில் களை ஓரிடத்தில் மண்டியிருக்கும், நாலடி தள்ளி ஒன்றுமே இருக்காது. அதனால் முந்தைய பருவத்தில் சேகரித்த ஸ்ட்ரைகா விதையைச் சலித்த மணலில் ஒன்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்ற எடை விகிதத்தில் கலந்து, ஒவ்வொரு குழியிலும் அளந்து போட்டு, அதன் மேல் மக்காச்சோளத்தை ஊன்றுகிறார்கள். தழைச்சத்தைக் குறைத்து, தாமதமாகத் தருகிறார்கள். பிறகு எட்டாவது, பத்தாவது வாரங்களில் செடிக்குச் செடி குனிந்து களையை எண்ணி, சேதத்துக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுகிறார்கள். இந்த வேலையை வருடக்கணக்காகச் செய்தவர்கள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

எதிர்ப்புக் குணத்தைக் காட்டு உறவுகளிலும் தேடினார்கள். மெக்சிகோவின் ஹாலிஸ்கோ மலைப்பகுதியைச் சேர்ந்த, 1979இல் உலகுக்குத் தெரியவந்த ஸியா டிப்ளோபெரென்னிஸ் என்ற பல்லாண்டுக் காட்டு மக்காச்சோளத்தோடு கலந்து, அதன் வழியில் வந்த இசட்டி05 என்ற வரிசையில் ஸ்ட்ரைகாவால் சரியாக வேரூன்றி வளர முடியவில்லை என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது.

இங்கே ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. களை ஏறினாலும் விளைச்சல் தருவது தாங்கும் ரகம். களையை ஏறவே விடாதது எதிர்க்கும் ரகம். 1980களில் ஐஐடிஏவில் பணியாற்றிய கொரிய விஞ்ஞானி கிம் சூன் குவோன், பல மரபணுக்கள் சேர்ந்து தரும் தாங்கும் திறனையே வலியுறுத்தினார். ஒரே மரபணுவை நம்பினால் களை அதை உடைத்துக்கொண்டு வந்துவிடும் என்பது அவர் பயம், நியாயமான பயம். ஆனாலும் தாங்கும் ரகம் மட்டும் போட்ட வயலில் களையும் நன்றாகப் பூத்து விதை கொட்டும். அடுத்த பருவம் அதே மண்ணில் விதைக்கப்போவதும் அதே விவசாயிக் குடும்பம்தான். இரண்டு குணமும் ஒரே விதையில் வேண்டும் என்பதே என் கருத்து. ஐஐடிஏவின் பிந்தைய ரகங்கள் அந்தத் திசையில்தான் போகின்றன.

அப்புறம், 2023இல் வந்த ஒரு செய்தி எனக்கு நிஜமாகவே நம்பிக்கை தந்தது. வேரின் ஸ்ட்ரைகோலாக்டோன் கசிவை மொத்தமாகக் குறைத்தால் களை வராது, ஆனால் பூஞ்சையும் வராமல் போகலாம், அப்போது மெலிந்த மண்ணில் செடி இன்னும் பட்டினி கிடக்கும். மக்காச்சோளம் ஒரே ஒரு ஸ்ட்ரைகோலாக்டோனை அல்ல, பல வகைகளைக் கலந்து கசிய விடுகிறது. ஸியாலாக்டோன் என்ற வகைக்குப் பதிலாக ஸியாலாக்டால் போன்ற வகைகளை அதிகம் வெளியிடும் செடியின் பக்கத்தில் ஸ்ட்ரைகா குறைவாகவே முளைக்கிறது என்று அந்த ஆண்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். அளவை விட்டுவிட்டு வகையை மாற்றுவது! சோளத்தில் இதே போன்ற குணத்தை வைத்து எத்தியோப்பியாவில் பிறந்த கெபிசா எஜெட்டா எதிர்ப்பு ரகங்கள் உருவாக்கி, 2009இல் உலக உணவுப் பரிசும் பெற்றார். மக்காச்சோளத்திலும் அது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

இதற்கு வரும் வலுவான மறுப்பையும் சொல்லிவிடுகிறேன். குறைந்த சத்தில் அதிகம் விளையும் ரகம், மிச்சமிருக்கும் சத்தையும் சுரண்டி எடுத்துவிடாதா? எடுக்கும். கதிரோடு தழைச்சத்து வயலை விட்டுப் போகத்தான் செய்யும். அதனால்தான் விதையைத் தனியாகக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது என்கிறேன். கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையில் ம்பிட்டாவில் இசிபே என்ற பூச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஜியாவுர் கானும் குழுவினரும் டெஸ்மோடியம் என்ற பயறு வகைத் தீவனச் செடியை மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே வளர்த்தார்கள். அதன் வேர்க்கசிவு ஸ்ட்ரைகாவை முளைக்க வைத்து, மக்காச்சோள வேரைப் பிடிக்க விடாமல் சாகடிக்கிறது. மண்ணில் தழைச்சத்தையும் சேர்க்கிறது, ஆடுமாடுகளுக்குத் தீவனமும் ஆகிறது. எதிர்க்கும் ரகமும் இந்த ஊடுபயிரும் ஒரே வயலில் சேர்ந்தால் களையின் விதை இருப்பு வருடா வருடம் குறையும். களைக்கொல்லி பூசிய விதையும் உண்டு, அதைத் தாங்கும் மக்காச்சோளத்தில் இமாசாபைர் பூசி விற்பது. வேலை செய்கிறது, ஆனால் ஒவ்வொரு பருவமும் பூசிய விதையைக் காசு கொடுத்து வாங்க முடிந்தவருக்கு மட்டும்.

விதை யார் கைக்குப் போகிறது என்பதும் முக்கியம். வீரிய ஒட்டு ரகம் அதிகம் விளையும், மறுக்கவில்லை. ஆனால் அதை வருடா வருடம் வாங்க வேண்டும். திறந்த மகரந்தச் சேர்க்கை ரகத்தில் விவசாயி நல்ல கதிரை எடுத்து வைத்து அடுத்த பருவத்துக்குப் போடலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். கம்பெனிகளுக்கு இதில் லாபம் குறைவு, அதனால் பொதுப் பணத்தில் நடக்கும் நிறுவனங்கள்தான் இதைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ரகத்தை வெளியிட அனுமதி கேட்கும்போது, உரமிடாத பாத்தியிலும் ஸ்ட்ரைகா ஊன்றிய பாத்தியிலும் அது எவ்வளவு விளைந்தது என்ற கணக்கைக் கட்டாயம் கேட்க வேண்டும். கொழுத்த பாத்தியின் எண்ணை மட்டும் விதைப்பையில் அச்சிட்டு விற்க விடக்கூடாது. இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும், வாங்குகிறவர் தன் வயல் எது என்று பார்த்து எடுத்துக்கொள்வார்.