ஜேம்ஸ் வெப்பைக் காப்பாற்றிய சமூகப் பணியாளர்

2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்கள் வந்தபோது டைம்லைன் முழுக்க விண்மீன் கூட்டங்கள்தான். ஆளாளுக்கு ஷேர் செய்தோம். அந்தத் தொலைநோக்கி எடுக்கும் தரவெல்லாம் கடைசியில் போய்ச் சேருவது அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இருக்கும் ஒரு காப்பகத்துக்கு. மிக்குல்ஸ்கி விண்வெளித் தொலைநோக்கிக் காப்பகம் என்று அதற்குப் பெயர். இந்த மிக்குல்ஸ்கி விஞ்ஞானி இல்லை. மளிகைக் கடைக்காரர் மகள், படித்தது சமூகப் பணி. உயரம் ஐந்து அடியைக்கூடத் தொடவில்லை. மேரிலாந்து மாநிலத்துக்கு 30 வருஷம் செனட்டராக இருந்தவர்.

பார்பரா மிக்குல்ஸ்கியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "முதல் பெண்" பட்டியலைப் போட்டுவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். பட்டியல் பொய் இல்லை. கணவர் விட்டுப்போன இடத்துக்கு வராமல், தானே நின்று ஜெயித்து செனட்டுக்குள் வந்த முதல் ஜனநாயகக் கட்சிப் பெண் அவர்தான். செனட்டின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்ணும் அவரே. ஆனால் பட்டியலைப் படித்தால் அவர் என்ன செய்தார் என்பது தெரியாது. சட்டமியற்றும் ஒருவருக்கு எது முக்கியம் என்று தெரிந்துகொள்ள அவருடைய பேச்சைக் கேட்க வேண்டியதில்லை, எந்தக் குழுவில் போய் உட்கார்ந்தார், எந்த உட்பிரிவுக்காக மல்லுக்கு நின்றார் என்று பார்த்தால் போதும் என்பது என் எண்ணம். அதற்கு இவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

1936இல் பால்டிமோரில் பிறந்தவர், போலந்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அறுபதுகளில் நகரத்தின் சமூக நலத்துறையில் வேலை. அந்தக் காலத்தில் ஃபெல்ஸ் பாயிண்ட், கேன்டன் பகுதிகளை இடித்துத் தள்ளிவிட்டு நடுவே 16 வழி நெடுஞ்சாலை போட ஒரு திட்டம் வந்தது. வீட்டை இழக்கப்போகிறவர்கள் துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்த குடும்பங்கள். மிக்குல்ஸ்கி தெருத்தெருவாகப் போய் ஆள் சேர்த்தார், கூட்டம் போட்டார். வெள்ளைத் தொழிலாளர் குடியிருப்புகளும் கறுப்பினக் குடியிருப்புகளும் அந்தச் சாலையை எதிர்த்தன. சாலை வரவில்லை. இன்று பால்டிமோருக்குச் சுற்றுலா போகிறவர்கள் காபி குடித்துக்கொண்டு போட்டோ எடுக்கும் கல்பாவிய தெருக்களெல்லாம் அப்படித் தப்பியவைதான். 1971இல் நகரமன்ற உறுப்பினரானார். 1974இல் செனட்டுக்கு நின்று தோற்றார். 1976இல் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவைக்குப் போனார். 1986இல் மறுபடி செனட்டுக்கு நின்றபோது குடியரசுக் கட்சி நிறுத்தியதும் ஒரு பெண்ணைத்தான், லிண்டா சாவேஸ். மிக்குல்ஸ்கிக்குச் சுலபமான வெற்றி. நூறு பேர் கொண்ட செனட்டில் அப்போது பெண்கள் இரண்டே பேர்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது.

அவருடைய அப்பாவுக்கு அல்சைமர் நோய். பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. அப்போதுதான், நடுத்தரக் குடும்பங்கள் இந்த இல்லங்களின் வாசலில் எப்படி ஓட்டாண்டியாகின்றன என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். அன்றைய விதிகள் கொடூரமானவை. கணவருக்கு மெடிகெய்ட் (ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டம்) உதவி வேண்டுமென்றால் சேமிப்பையெல்லாம் முதலில் கரைக்க வேண்டும். ஓய்வூதியம் அவர் பெயரில் வந்தால் அதுவும் இல்லத்துக்கே போய்விடும். வீட்டில் தனியாக இருக்கும் மனைவி எதை வைத்துச் சாப்பிடுவாள் என்று அந்த விதியை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. கணவருடைய மருத்துவச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்பதற்காகவே விவாகரத்து செய்துகொள்ளும்படி வயதான தம்பதிகளுக்கு வக்கீல்கள் ஆலோசனை சொன்ன காலம் அது.

1988இல் ஒரு பெரிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. அதற்குள் ஓர் உட்பிரிவாக, வீட்டில் இருக்கும் துணைக்குச் சேமிப்பில் ஒரு பகுதியும் மாதாமாதம் குறைந்தபட்ச வருமானமும் விட்டுவைக்கப்பட வேண்டும் என்ற விதியைச் சேர்க்கப் பாடுபட்டார். அந்தப் பெரிய சட்டத்தின் கதி என்ன தெரியுமா? கூடுதல் வரி கட்டச் சொன்னதால் முதியவர்களே கொதித்துப்போனார்கள். அதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமான கீழவை உறுப்பினர் டான் ராஸ்டன்கோவ்ஸ்கியின் காரை சிகாகோவில் மறித்துத் துரத்தினார்கள். அடுத்த வருஷமே சட்டத்தின் பெரும்பகுதி ரத்து. ஆனால் துணைவருக்கான இந்த உட்பிரிவு தப்பித்துவிட்டது, இன்றுவரை இருக்கிறது. இவ்வளவு பேர் பயனடைந்த ஒரு விஷயத்தில் அவர் பெயர் அந்தப் பயனாளிகளில் பாதிப் பேருக்குக்கூடத் தெரிந்திருக்காது. இதைத்தான் நான் சட்டமியற்றும் வேலை என்பேன்.

பெண்கள் ஆரோக்கியத்திலும் இதே பாணிதான். இதயநோய்க்கு ஆஸ்பிரின் உதவுமா என்று எண்பதுகளில் நடந்த பிரபலமான ஆய்வில் 22,071 மருத்துவர்கள் பங்கேற்றார்கள். அத்தனை பேரும் ஆண்கள். மனிதர் எப்படி முதுமையடைகிறார் என்று 1958இல் பால்டிமோரிலேயே, அதாவது இவருடைய ஊரிலேயே, தொடங்கிய நீண்டகால ஆய்வில் முதல் 20 வருஷம் ஒரு பெண்கூட இல்லை. (பெண்களுக்கு வயசே ஆகாது என்று நினைத்தார்களோ என்னவோ.) பெண்களையும் ஆய்வில் சேர்க்க வேண்டும் என்ற கொள்கை தேசிய சுகாதார நிறுவனத்தில் 1986இலிருந்தே காகிதத்தில் இருந்தது. யாரும் கடைப்பிடிக்கவில்லை என்று 1990இல் அரசுத் தணிக்கை அமைப்பு அம்பலப்படுத்தியது.

பாட் ஷ்ரோடர், ஒலிம்பியா ஸ்னோ போன்ற கீழவைப் பெண்கள் அந்தப் பக்கமிருந்தும், மிக்குல்ஸ்கி செனட்டிலிருந்தும் நெருக்கினார்கள். நிறுவனம் இருப்பது மேரிலாந்தின் பெதஸ்டாவில். அதற்குப் பணம் ஒதுக்கும் அவையிலிருந்து, அதுவும் சொந்த மாநிலத்துச் செனட்டர் வந்து கதவைத் தட்டினால் யாருக்கும் அசட்டையாக இருக்க முடியாது. அந்த வருஷமே பெண்கள் உடல்நல ஆய்வுக்கென்று தனி அலுவலகம் திறக்கப்பட்டது. 1993இல் பெண்களைச் சேர்ப்பது சட்டமே ஆனது. அந்த அலை எழுப்பிய பெரிய ஆய்வொன்றுதான், மாதவிடாய் நின்ற பெண்களுக்குச் சகஜமாக எழுதிக் கொடுக்கப்பட்ட ஹார்மோன் மாத்திரைக் கூட்டு மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது என்று 2002இல் காட்டியது. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கும் இடங்களுக்குத் தர விதிகள் கொண்டுவந்த 1992ஆம் ஆண்டுச் சட்டமும் இவர் முன்னெடுத்தது. ஒபாமாகேர் எனப்படும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் விவாதத்தின்போது, பெண்களுக்கான தடுப்புப் பரிசோதனைகளுக்குக் கையிலிருந்து காசு கட்ட வைக்கக்கூடாது என்ற திருத்தமும் இவருடையதே. 2009 டிசம்பரில் 61க்கு 39 என்று நிறைவேறியது.

லில்லி லெட்பெட்டர் சட்டம் பலருக்கும் தெரிந்த கதை, அதனால் சுருக்கமாக. குட்இயர் டயர் ஆலையில் வருஷக்கணக்காக ஆண்களைவிடக் குறைவாகச் சம்பளம் வாங்கிய பெண், விஷயம் தெரிந்து வழக்குப் போட்டால், பாரபட்சம் தொடங்கிய 180 நாளுக்குள் வந்திருக்க வேண்டும் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. தெரியாத ஒன்றுக்கு எப்படி வழக்குப் போடுவது? அதைத் திருத்தும் மசோதாவை செனட்டில் நடத்திச் சென்றவர் மிக்குல்ஸ்கி. ஒபாமா பதவியேற்றதும் கையெழுத்திட்ட முதல் மசோதா அது. அதற்கடுத்த படியான சம ஊதிய மசோதாவுக்கு அவர் எத்தனை முறை முயன்றும் செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகத் தேவையான 60 வாக்குத் தடையைத் தாண்ட முடியவில்லை. அதுவும் கணக்கில் வரவேண்டும்.

சரி, தொலைநோக்கிக்கு வருவோம். அமெரிக்காவில் சட்டம் போடுவது வேறு, அதற்குக் காசு ஒதுக்குவது வேறு. காசு ஒதுக்கும் குழுவில் உட்காராத செனட்டர் டிவியில் எவ்வளவு முழங்கினாலும் கடைசியில் கையேந்தித்தான் நிற்க வேண்டும். மிக்குல்ஸ்கி இதை ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டார். நாசாவின் பட்ஜெட்டைக் கவனிக்கும் துணைக்குழு எண்பதுகளின் கடைசியிலேயே அவர் கைக்கு வந்தது. கொலம்பியா விண்கல விபத்துக்குப் பிறகு, 2004இல், ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியைப் பழுதுபார்க்க இனி ஆள் அனுப்பமாட்டோம் என்று நாசா அறிவித்தபோது விடாமல் மல்லுக்கட்டினார். 2006இல் முடிவு மாறியது. 2009 மே மாதம் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்துவிட்டு வந்தார்கள். 2011 ஜூலையில் கீழவைத் துணைக்குழு, செலவு எகிறிவிட்டது என்று ஜேம்ஸ் வெப்புக்கு ஒதுக்கீட்டைப் பூஜ்யமாக்கியது. செனட் பக்கத்தில் அதே துணைக்குழுவின் தலைவர் இவர். பணத்தைத் திரும்பச் சேர்த்தார், கூடவே உருவாக்கச் செலவு 800 கோடி டாலரைத் தாண்டக்கூடாது என்று கடிவாளமும் போட்டார். இத்தனைக்கும், திட்டம் மோசமாக நடக்கிறது, வெளியாட்களை வைத்துப் பரிசோதியுங்கள் என்று அதற்கு முந்தைய வருஷம் நாசாவைக் கேட்டதும் இதே அம்மாதான்.

"நாசாவின் கோடார்ட் மையமும் விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனமும் மேரிலாந்தில் இருக்கின்றன, வேலைவாய்ப்பு, ஓட்டு, அதான்" என்று சொல்வார்கள். ஆமாம், அதேதான். தொகுதிக்காக உழைப்பதும் உலகத்துக்குப் பயன்படுவதும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

குறை சொல்ல வேண்டிய இடங்கள் வேறு. தகவல்தொடர்புகளை ஒட்டுக்கேட்கும் உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமையின் தலைமையகமும் மேரிலாந்தில்தான். அதன் ரகசியக் கண்காணிப்பை அம்பலப்படுத்திய ஸ்னோடன் விவகாரத்துக்கு முன்னும் பின்னும் அந்த முகமைக்குப் பரிவாகவே இருந்தார். தன்பால் திருமணத்துக்கு எதிரான 1996 சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார், பின்னாளில்தான் மாறினார். செசபீக் விரிகுடாக் கரையோர நண்டு ஆலைகளுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று பருவகால வேலை விசா வரம்பை 2005இல் தளர்த்த வைத்தார். ஆலைகள் பிழைத்தன. ஆனால் மெக்சிகோவிலிருந்து வந்து நண்டு உடைத்த பெண்கள் ஒரே முதலாளியோடு கட்டப்பட்ட விசாவில்தான் இருந்தார்கள். ஊதியப் பாகுபாட்டுக்கு எதிராக இவ்வளவு போராடியவர் இங்கே முதலாளிகள் பக்கம் சாய்ந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. இன்னொரு பக்கம், 2002இல் இராக் போருக்கு எதிராக வாக்களித்த 23 செனட்டர்களில் அவரும் ஒருவர். அன்றைக்கு அது சாதாரணத் துணிச்சல் இல்லை.

2012 டிசம்பரில் தலைவராக இருந்த டேனியல் இனோயே இறந்ததும் முழு நிதி ஒதுக்கீட்டுக் குழுவும் அவரிடம் வந்தது. ஒதுக்கீட்டில் உடன்பாடு வராமல் அடுத்த அக்டோபரில் அரசே 16 நாள் இழுத்து மூடப்பட்டது. அதன் பிறகு கீழவையின் குடியரசுக் கட்சிக்காரர் ஹால் ராஜர்ஸுடன் உட்கார்ந்து, 2014 ஜனவரியில் ஒரு லட்சம் கோடி டாலருக்கு மேற்பட்ட ஒதுக்கீட்டு மசோதாவை முடித்தார். அந்தக் குழுவில் 2023இல் தலைவர் பாட்டி மரே, எதிர்க்கட்சித் தரப்பில் சூசன் காலின்ஸ். இருவருமே மிக்குல்ஸ்கி கூட்டிய பெண் செனட்டர்களின் கட்சி கடந்த இரவு விருந்துகளில் கலந்துகொண்டவர்கள்.

2015இல் ஓய்வை அறிவித்தபோது, மிச்சமிருக்கும் நாட்களைத் தேர்தல் நிதி திரட்டுவதில் செலவழிப்பதா, மக்களுக்காகச் சண்டை போடுவதில் செலவழிப்பதா என்று கேட்டார். 80 வயதில், நல்ல தெளிவோடு இறங்கிப் போனார். 90 வயதில் பதவியிலேயே இறந்த செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைனின் கடைசி வருஷங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் அவர் போன பிறகு நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அந்த இடத்துக்குப் போட்டியிட்ட டோனா எட்வர்ட்ஸ் உட்கட்சித் தேர்தலில் கிறிஸ் வான் ஹாலனிடம் தோற்றார், கையிலிருந்த கீழவை இடத்தையும் அதற்காக விட்டிருந்தார். 2017 தொடங்கி எட்டு வருஷம் மேரிலாந்திலிருந்து வாஷிங்டன் போன பத்துப் பேரில் ஒரு பெண்கூட இல்லை. 2024 தேர்தலில்தான் ஏஞ்சலா ஆல்சோபுரூக்ஸ் செனட்டுக்கும், இன்னும் இரண்டு பெண்கள் கீழவைக்கும் ஜெயித்தார்கள். நாட்டிலுள்ள பெண் செனட்டர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவர், சொந்த மாநிலத்துக் கட்சியில் அடுத்த வரிசையை ஏன் உருவாக்கவில்லை? கட்சி அமைப்பு ஆண்கள் கையில் இருந்தது என்று அவருடைய ஆதரவாளர்கள் சொல்வார்கள். நாற்பது வருஷம் நாடாளுமன்றத்தில் இருந்தவருக்கு அந்தப் பதில் போதாது என்று நான் நினைக்கிறேன். மேரிலாந்து அரசியலைக் கிட்டத்திலிருந்து பார்க்கும் நண்பர்கள் யாராவது மாற்றுக் கருத்து வைத்திருந்தால் கமெண்டில் எழுதுங்கள்.