கூட்டினால் 10 வோல்ட் வரவேண்டும் என்பது ஏசி-யில் செல்லாது

ஏசி சப்ளையில் ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் தொடராக இணைத்த சர்க்யூட்டைப் பற்றி, "ரெசிஸ்டர் மதிப்பை அதிகரித்தால் அதன் வோல்டேஜ் எவ்வளவு ஏறுகிறதோ, கெப்பாசிட்டரில் அவ்வளவே இறங்கும், மொத்தம் மாறாது" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ஒன்று ஏற மற்றது இறங்கும் என்பது சரி. "அவ்வளவே" என்பதுதான் தவறு. டிசி-யில் இரண்டு ரெசிஸ்டரைத் தொடராக இணைத்தால் அந்தக் கணக்கு பொருந்தும்.

10 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் ஒரு ரெசிஸ்டரையும் தொடராக வையுங்கள். கெப்பாசிட்டரின் எதிர்வினைப்பு (ரியாக்டன்ஸ், அதாவது ஏசி மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) சுமார் 3183 ஓம். ரெசிஸ்டர் 1000 ஓம் என்றால் அதன் மேல் 3.0 வோல்ட், கெப்பாசிட்டரில் 9.5 வோல்ட். கூட்டினால் 12.5! மீட்டரில் கோளாறு இல்லை. இப்போது ரெசிஸ்டரை 2000 ஓம் ஆக்குங்கள். அதன் வோல்டேஜ் 5.3-க்கு ஏறுகிறது, கெப்பாசிட்டரில் 8.5-க்குத்தான் இறங்குகிறது. ஒன்று 2.3 ஏற, மற்றது 1 வோல்ட்தான் இறங்கியிருக்கிறது.

காரணம், இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. ரெசிஸ்டர் வோல்டேஜ் மின்னோட்டத்தோடு சேர்ந்தே போகும், கெப்பாசிட்டருடையது 90 டிகிரி பின்தங்கி வரும். அதனால் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப் போல, இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். மேலே உள்ள எண்களைப் போட்டுப் பாருங்கள், இரண்டு முறையும் 10 வோல்ட்தான் வரும்.

தொடர் சுற்றில் வோல்டேஜ்களின் கூட்டுத்தொகை சப்ளைக்குச் சமம் என்கிற கிர்க்காஃப் விதி இங்கே உடையவில்லை. ஒவ்வொரு கணத்திலும் இரண்டின் கூட்டுத்தொகை சப்ளைக்குச் சமமாகவே இருக்கும். மீட்டர் காட்டும் ஆர்எம்எஸ் மதிப்புகளை (ஏறி இறங்கும் ஏசி வோல்டேஜுக்கு, அதே வெப்பத்தைத் தரும் டிசி அளவை) நேராகக் கூட்டுவதுதான் பிழை. புதிதாகப் படிப்பவர்கள் அந்தத் தவறான கணக்கை நம்பிவிட்டால் ஃபில்டர் (சில அதிர்வெண்களை மட்டும் கடத்தும் சர்க்யூட்) கணக்குகள் எல்லாமே தப்பாகப் போகும், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.