தம்பியின் 13பி-யைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

எந்தப் பதிவைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். ரவாங் ஊர்த் தம்பி ஒருவர் வீட்டுப் போர்ச்சில் தன் 13பி என்ற மஸ்டா ரோட்டரி இஞ்சினைப் பிரித்து, அதன் பக்கத் தட்டான சைடு பிளேட்டில் நீல மை பூசி, கோடு கிழித்து, டை கிரைண்டரால் காற்று நுழையும் துவாரமான போர்ட்டை விரிவாக்கிய படங்களைக் குழுவில் போட்டார். அதற்குக் கீழே வந்த கருத்துகளைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. "இரும்பைக் கொத்துகிறான்." "போமனுக்கு (மெக்கானிக்குக்கு) வேலை வந்தாச்சு." "ஸ்டார்ட் ஆனால் சொல்லு, மாலை வாங்கிட்டு வரேன்." இப்படி எழுதியவர்களில் பலர் இந்த வேலை தெரிந்தவர்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ரோட்டரி இஞ்சினை வீட்டில் போர்ட் செய்யலாம். முறையாகக் கற்றுக்கொண்டு செய்யலாம்.

இதில் பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும். வால்வு கிடையாது, கேம் கிடையாது. ரோட்டரின் பக்கவாட்டுதான் தட்டில் இருக்கும் போர்ட்டைத் திறந்து மூடுகிறது. அதனால் போர்ட்டின் வடிவமே டைமிங், அதாவது எப்போது திறந்து எப்போது மூடுவது என்பது. மேல் விளிம்பை உயர்த்தினால் போர்ட் தாமதமாக மூடும். அதிக ஆர்பிஎம்மில் (சுழல் வேகத்தில்) சக்தி கூடும், குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை கொஞ்சம் குறையும். உள்பக்கம் எண்ணெயைத் தடுக்கும் ஆயில் ரிங் ஓடும் பாதை. அதற்குள் போனால் எண்ணெய் போர்ட்டில் இறங்கிப் புகை தள்ளும். வெளிப்பக்கம் ரோட்டர் மூலையில் கசிவை அடைக்கும் கார்னர் சீலின் பாதை. அதற்குத் தாங்கல் இல்லாமல் வெட்டினால் சீல் போர்ட்டுக்குள் விழுந்துவிடும். மூடும் விளிம்பைச் சரிவாக இழைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ரோட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சைடு சீல் அதில் இடிக்கும். இந்த எல்லைகளுக்குள் நின்றால் அது ஸ்ட்ரீட் போர்ட் என்ற மிதமான வகை. எல்லைகளும் ரகசியம் இல்லை. ஓடிய இஞ்சினின் தட்டைத் துடைத்துப் பார்த்தால் சீலும் ரிங்கும் உரசிய தடம் கண்ணுக்கே தெரியும். தம்பி அந்தத் தடங்களுக்கு உள்ளே நின்றுதான் கோடு கிழித்திருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லையா?

"தண்ணீர் ஜாக்கெட் ஓட்டையாகிவிடும்" என்பீர்கள். பிரிட்ஜ் போர்ட் என்ற இன்னும் பெரிய வெட்டில் அந்த ஆபத்து உண்டு. அதில் சீலைத் தாங்க மெல்லிய பாலம் ஒன்றை விட்டுவிட்டு அதற்கும் வெளியே வெட்டுகிறார்கள். தண்ணீர் ஓடும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. தம்பி செய்தது அது இல்லை. எக்ஸாஸ்ட் போர்ட்டையும் அவர் தொடவில்லை. அது ரோட்டரைச் சுற்றியிருக்கும் அலுமினிய ஹவுசிங்கில் இருக்கிறது, உள்ளே குரோம் பூச்சு. விளிம்பில் குரோம் பெயர்ந்தால் ரோட்டர் நுனியில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் போய்விடும். முதல் முறை செய்கிறவர் அதை விட்டுவைத்தது விவரம் தெரிந்த காரியம்.

"ஜேபிஜே பிடிக்கும்." சாலைப் போக்குவரத்து இலாகாவைச் சொல்கிறீர்கள். சிப்பாங் பந்தய டிராக்கில் ஓட்டத்தான் என்று தம்பி முதல் வரியிலேயே எழுதியிருந்தார். படித்துவிட்டுப் பேசுங்கள்.

ஒரு கேள்வியை மட்டும் மதிக்கிறேன். இந்த இஞ்சின் வந்த மஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் உற்பத்தி 2002-லேயே நின்றுவிட்டது, நல்ல தட்டுகள் குறைந்துகொண்டே வருகின்றன, அதில் போய்ப் பழகலாமா? நியாயமான கேள்வி. தேய்ந்து வரி விழுந்த தட்டில் கை பழகிவிட்டு நல்ல தட்டைத் தொடுவதுதான் சரி. ஆனால் இதைச் சொன்ன அண்ணன்மாரே, உங்கள் பட்டறை மூலையில் அப்படிப்பட்ட தட்டுகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. ஒன்றைத் தூக்கி ஒரு பையனிடம் கொடுத்திருக்கிறீர்களா?

நான் கோலாலம்பூர் செகாம்புட்டில் ஒரு பட்டறையில் கையாளாக இருந்தவன். இஞ்சினைப் பிரிப்பது நான், மண்ணெண்ணெயில் கழுவுவது நான், கை வெடித்துப்போனதும் எனக்குத்தான். தவுக்கே (முதலாளி) போர்ட் வடிவம் வெட்டிய டெம்ப்ளேட்டை எடுக்கும் நேரம் பார்த்து என்னை தே ஓ (பால் இல்லாத டீ) வாங்க அனுப்புவார். திரும்பி வந்தால் தட்டின் மேல் துணி போர்த்தியிருக்கும். கேட்டால், "உனக்கு எதுக்கு இது?" என்பார். பிறகு வேறொரு போமன், அவர் சீனர், வெட்டி முடித்த தட்டு ஒன்றை என் கையில் கொடுத்து, காகிதம் வைத்து அச்சு எடுத்துக்கொள் என்றார். அந்த அச்சில்தான் நான் தொழில் கற்றேன்.

மஸ்டாக்காரர்களே இதை எப்படிக் கற்றார்கள்? ஜெர்மனியின் என்எஸ்யூ கம்பெனியிடம் ரோட்டரி இஞ்சினுக்கு உரிமம் வாங்கி வந்த பிறகு ஹவுசிங் உள்ளெல்லாம் கீறல் விழுந்தது. பேயின் நகக்கீறல் என்றார்கள். மஸ்டா பொறியாளர் கெனிச்சி யாமாமோட்டோவின் குழு சீலை மாற்றி மாற்றிப் பார்த்து, ஹவுசிங்குகளைப் பாழாக்கித்தான் வழி கண்டது. 1967-ல் அவர்களின் ரோட்டரி கார் காஸ்மோ ஸ்போர்ட் வந்தது, 1991-ல் நான்கு ரோட்டர் வண்டி லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தில் ஜெயித்தது. அவர்கள் கெடுத்தால் ஆராய்ச்சி, ரவாங் பையன் கிரைண்டரைத் தொட்டாலே கேலியா?

"நம் இனத்துப் பையன் என்பதால் பரிந்து பேசுகிறாய்" என்றும் ஒருவர் எழுதுவார். ஆமாம், அதுவும் இருக்கிறது. சிரித்தவர்களிலும் பாதிப் பேர் நம் ஆட்கள்தானே! என் அப்பா தோட்டத்து ரப்பர் ஆலையில் இஞ்சின் பார்த்தவர். சத்தத்தை வைத்தே எந்தப் பேரிங் போகப்போகிறது என்று சொல்வார். கடைசிவரை சம்பளச் சீட்டில் அவர் கூலி. ஒருவரும் அவருக்கு எதையும் கற்றுத் தரவில்லை, அவரிடம் எதையும் கேட்டதும் இல்லை. இன்னொரு பையனுக்கும் அதே நிலைமை நம் கையாலேயே வர வேண்டுமா? எனக்குத் தாங்கவில்லை.

தம்பி, பின்பக்கத் தட்டில் மூடும் விளிம்பின் சரிவு எனக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரிகிறது. விரலால் தடவிப் பாருங்கள். தட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, எண்ணெய்த் துவாரம் ஒவ்வொன்றிலும் காற்றடித்து இரும்புத் தூளை வெளியேற்றுங்கள். மாட்டுவதற்கு முன் எனக்குப் படம் அனுப்புங்கள். வேண்டுமானால் என் டெம்ப்ளேட்டை வந்து எடுத்துக்கொள்ளலாம். சைடு சீல் இடைவெளி பார்க்கத் தெரியவில்லை என்றால் அதையும் காட்டித் தருகிறேன்.

மற்றவர்கள் தாராளமாக மறுத்துப் பேசலாம். அந்தத் தம்பியைக் கேலி செய்யும் கருத்துகளை இங்கே நீக்கிவிடுவேன்.