தேஜஸை ஓட்டியவர் பெயர் தெரியும், நிறுத்தச் சொல்பவர் யார்?

2018-ல் தேஜஸ் போர் விமானப் படையணி சூலூருக்கு வந்ததிலிருந்து, கோவைப் பக்கம் ஏரோநாட்டிக்கல் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் பழக்கம். 2001 ஜனவரி 4 அன்று அதை முதலில் ஓட்டியவர் விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் இப்படிப்பட்ட விமானங்களைச் சோதிக்கும் ஃப்ளைட் டெஸ்ட் இன்ஜினியர் என்ன செய்கிறார் என்று கேட்டால் இறுதியாண்டு மாணவர்களே தயங்குகிறார்கள். பைலட் ஆக வேண்டும், இல்லையென்றால் டிசைனில் சேர வேண்டும் என்று இரண்டே ஆசைதான் இருக்கிறது. நடுவில் இருக்கும் இந்த வேலையைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

சோதனையைத் திட்டமிட்டு, அளவுகளைக் கவனித்து, ஆபத்தென்றால் நிறுத்தச் சொல்பவர் இவர். இவர் கையில் இருப்பது டெஸ்ட் கார்டு. எந்த உயரம், எந்த வேகம், எவ்வளவு எரிபொருள், சக்கரம் உள்ளேயா வெளியேயா, பைலட் கையில் இருக்கும் கட்டுப்பாட்டு ஸ்டிக்கை எந்தப் பக்கம் எத்தனை வினாடி தள்ள வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். என்னைக் கேட்டால் அதில் மிக முக்கியமானது, எந்த எண்ணைத் தொட்டால் சோதனையை நிறுத்த வேண்டும் என்ற வரி. அதைத் தரையில், நிதானமான நேரத்தில் எழுதிவிட வேண்டும். வானத்தில் யோசிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

ஃப்ளட்டர் சோதனையைப் பாருங்கள். வேகம் கூடும்போது இறக்கையின் வளைவும் முறுக்கும் ஒன்றோடொன்று சேர்ந்து, காற்றிலிருந்தே சக்தியை உறிஞ்சி ஆடத் தொடங்கலாம். அந்த ஆட்டம் தானாக அடங்கும் தன்மைக்குத்தான் டேம்பிங் என்று பெயர். அது பூஜ்யத்துக்குக் கீழே போனால் சில நொடிகளில் இறக்கையே உடையலாம். அதனால் வேகத்தைச் சிறு சிறு படிகளாகத்தான் ஏற்றுவார்கள். ஒவ்வொரு படியிலும் இறக்கைக்கு ஓர் உதறல் கொடுத்து, அது எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று டெலிமெட்ரியில், அதாவது விமானத்திலிருந்து ரேடியோ வழியாகத் தரைக்கு வரும் அளவுகளில், கணக்கிட்ட பிறகே அடுத்த வேகத்துக்கு அனுமதி. டேம்பிங் 3 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது ராணுவ விமானங்களுக்கு நெடுநாளாக உள்ள அளவுகோல்.

இதில் சறுக்கும் இடங்கள் உண்டு. வேகத்துக்கு எதிராக வரையும் டேம்பிங் கோடு எப்போதும் சீராக இறங்குவதில்லை, ஒலி வேகத்தை நெருங்கும்போது திடீரென்று விழும். அங்கே படியைப் பாதியாகக் குறைக்காமல் அதுவரை வந்த வரைகோட்டை அப்படியே நீட்டி நம்புவது ஆபத்து. அதிர்வை அளக்கும் ஆக்சிலரோமீட்டர், அதிர்வின் நோடில், அதாவது அந்த அதிர்வில் அசையாமல் நிற்கும் இடத்தில், ஒட்டப்பட்டிருந்தால், இறக்கை எவ்வளவு ஆடினாலும் அந்த அதிர்வு திரையில் தெரியாது. வேகமான அதிர்வுகளை வடிகட்டும் ஃபில்டர் இல்லாமல், வினாடிக்குக் குறைந்த முறையே பதிவு செய்தால், வேகமான அதிர்வு மெதுவான அதிர்வுபோல வேஷம் போடும். இறக்கை டேங்கில் எரிபொருள் குறையக் குறைய அதிர்வெண்ணே மாறும். டேங்க் நிறைந்திருக்கும்போது எடுக்க வேண்டிய சோதனைப் பாயின்ட்டைக் கடைசிக்குத் தள்ளினால் அந்த சார்ட்டியே, அதாவது அந்த முறை பறந்ததே, வீண்.

2009 மார்ச் 6 அன்று, பெங்களூரை அடுத்த பிடதி அருகே, இந்தியாவில் உருவாக்கப்பட்ட சிறிய பயணிகள் விமானமான சரஸின் இரண்டாவது மாதிரி விழுந்தது. ஒரு இன்ஜினை வானத்தில் அணைத்து மறுபடி இயக்கிப் பார்க்கும் சோதனை அது. இரண்டு டெஸ்ட் பைலட்களோடு ஃப்ளைட் டெஸ்ட் இன்ஜினியர் ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜாவும் உயிரிழந்தார். ஒற்றை இருக்கைப் போர் விமானமென்றால் இன்ஜினியர் தரையில் இருப்பார். இது போன்ற பெரிய விமானத்தில் அவரும் கூடவே பறப்பார். மறு இயக்க முறையை வகுத்தபோது ப்ரொப்பெல்லர் தயாரிப்பாளரைக் கலந்து பேசவில்லை, உயரம் போதவில்லை, முதல் முயற்சி தோற்றதும் சோதனை நிறுத்தப்படவில்லை என்று விசாரணை சொன்னது. மூன்றுமே விமானம் கிளம்பும் முன் காகிதத்தில் அடைக்க வேண்டிய ஓட்டைகள். இந்தத் துறைக்கு வர நினைக்கும் ஒவ்வொருவரும் இந்த விபத்தைப் படித்திருக்க வேண்டும் என்பேன்.

வழி என்ன? விமானப்படையின் தொழில்நுட்பப் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்து, சில வருடங்கள் விமானங்களோடு வேலை செய்த பிறகு, பெங்களூரில் உள்ள விமானப்படை டெஸ்ட் பைலட் பள்ளிக்குத் தேர்வாகலாம். கிட்டத்தட்ட ஒரு வருடப் படிப்பு. பைலட்டும் இன்ஜினியரும் ஒன்றாகவே படிப்பார்கள். விமானம் "கொஞ்சம் தள்ளாடுது" என்று பைலட் சொன்னால், எந்த அச்சில், எத்தனை டிகிரி, என்ன செய்யும்போது என்று துருவிக் கேட்டு, விமானத்தைக் கையாள்வது எவ்வளவு எளிது என்று பைலட் மதிப்பிடும் கூப்பர்-ஹார்ப்பர் அளவுகோலில் 1 முதல் 10-க்குள் ஓர் எண்ணாக அதை அவரிடமிருந்து வாங்கத் தெரிய வேண்டும்.

நம் கல்லூரிகளில் சிமுலேஷன் மென்பொருள் ஓட்டத் தெரிந்த பிள்ளைகள் நிறைய. ஒரு பொருள் எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்று அளக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜைக் கையால் ஒட்டியவர்கள் குறைவு. இதுதான் என் ஆதங்கம். ஒரு ஸ்டீல் ஸ்கேலை மேஜை விளிம்பில் இறுக்கி, மேல்பக்கம் ஒரு கேஜ் ஒட்டி, முனையில் எடை தொங்கவிட்டு, வரும் ரீடிங்கைக் கணக்கில் வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பிறகு எடையை எடுத்துவிட்டு ஹேர் டிரையரால் சூடாக்குங்கள், சுமையே இல்லாமல் ரீடிங் நகரும். அடிப்பக்கமும் ஒரு கேஜ் ஒட்டி இரண்டையும் ஒரே மின்சுற்றில் ஹாஃப் பிரிட்ஜாக இணைத்தால் அந்த நகர்வு அடங்கும், சிக்னலும் இரட்டிப்பாகும். லேப் திறந்திருந்தால் இந்த வாரமே செய்து பார்க்கலாம்.