2001 இல் தொடங்கிய கதை இல்லை

"கூட்டம் சேர்த்துத் திட்டம் போட்டுக் கொள்ளையடிக்கும் படங்களைத் தொடங்கி வைத்ததே 2001 இல் வந்த 'ஓஷன்ஸ் லெவன்'தான், வசனமில்லாத கொள்ளைக் காட்சியெல்லாம் அதற்குப் பிறகு வந்த உத்தி" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். ரசிக்கத்தக்க படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதுவே மறுஆக்கம். 1960 இல் ஃபிராங்க் சினாட்ரா நடித்து இதே பெயரில் ஒரு படம் வந்துவிட்டது.

அதற்கும் முன்னால், 1950 இல் ஜான் ஹூஸ்டனின் 'தி அஸ்ஃபால்ட் ஜங்கிள்'. ஆள் பிடிப்பது, திட்டம் போடுவது, கடைசியில் எல்லாம் சொதப்புவது என்று முழுச் சட்டகமும் அதிலேயே இருக்கிறது. அதில் ஒருவன் இறங்குவதே கைவிட்டுப் போன குடும்பக் குதிரைப் பண்ணையை மீட்கத்தான்.

அப்புறம் அந்த வசனமில்லாத உத்தி. ஜூல்ஸ் டாசினின் 'ரிஃபிஃபி' 1955 இல் வந்தது. நகைக்கடைக்கு மேல்மாடியில் தரையைத் துளைத்து, மூடிய குடையை ஓட்டை வழியே விட்டு உள்ளே விரிக்கிறார்கள். உதிரும் காரை கீழே விழாமல் குடைக்குள் சேர்கிறது. சின்ன அதிர்வுக்கே அலறும் அலாரத்தைத் தீயணைப்புக் கருவியின் நுரையால் அடைக்கிறார்கள். ஏறக்குறைய 30 நிமிடம், பேச்சும் இல்லை, பின்னணி இசையும் இல்லை. எனக்கு இருமல் வந்தபோதுகூட அடக்கிக்கொண்டுதான் பார்த்தேன்.

பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: கொள்ளை கச்சிதமாக முடிகிறது, மாட்டிவிடுவது கூட்டாளி ஒருவன் ஒரு பெண்ணுக்கு ஆசையாகக் கொடுத்த மோதிரம். அந்த வேடத்தில் நடித்தவரும் டாசினேதான்.